அந்த வாளியில் என்ன இருந்தது?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "உமது துறையைப் பற்றி ஒரு இருபது நிமிடம் பேசும்" என்றார். எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. நான் இருதய சத்திரசிகிச்சை நிபுணர் இல்லை. உயிரைக் காப்பாற்றிய கதைகள் என்னிடம் அதிகம் இல்லை. நான் நுண்ணுயிரியல் வைத்தியர். விடுதி விடுதியாகப் போய், கை கழுவும் தொட்டியையும் துடைக்கும் துணியையும் வாளியில் இருக்கும் தண்ணீரையும் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. ஆகவே இந்த மங்களகரமான நாளில் நான் உங்களுடன் பேசப்போவது ஒரு வாளியைப் பற்றி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் எங்கள் இரசாயனவியல் ஆய்வுகூடத்துக்கு ஒருதரம் போய் வரவேண்டும். 1995 இடம்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து உயர்தரம் படித்த வகுப்பு எங்களுடையது. அதற்கு முந்திய பொருளாதாரத் தடைக்காலத்தில் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த பிள்ளைகள் நாங்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். திரும்பி வந்தபோது ஆய்வுகூடத்தில் அலுமாரி இருந்தது. அலுமாரிக்குள் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. உடையாமல் மிஞ்சிய அளவிகளில் நாலைந்து பேருக்கு ஒன்று என்று பங்குபோட்டு நியமிப்புச் செய்தோம். எங்கள் ரீச்சர், பெயரைச் சொன்னால் கோபிப்பார், முன்வரிசையில்தான் இருக்கிறார், ஒரு துளியைக்கூட வீணாக்க விடமாட்டார். நாங்கள் கண்மட்டத்தில் ஊற்றினால் பின்னால் வந்து நின்று, "பிள்ளை, அளந்தனீரோ? நினைச்சனீரோ?" என்று கேட்பார். அப்போது அந்தக் கேள்வி எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. இருபது வருடங்களுக்குப் பிறகு அதே கேள்வி ஒரு வைத்தியசாலை விடுதியில் எனக்கு முன்னால் வந்து நின்றது.

அது எந்த வைத்தியசாலை என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கும் நடக்கக்கூடியது. அங்கே மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளுக்கான பிரிவு ஒன்று இருந்தது. ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்துச் சில குழந்தைகளின் இரத்தத்தில் ஒரே கிருமி வளர்ந்தது. அசினெற்றோபக்ரர் என்று பெயர். சுகதேகிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாத பற்றீரியா அது. ஆனால் ஒரு கிலோ நிறைகூட இல்லாத குழந்தைக்கு அது யமன். வழமையாகக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகள் ஒவ்வொன்றையும் தட்டில் வைத்துப் பார்த்தோம். எல்லாவற்றையும் சுற்றி அது செழிப்பாக வளர்ந்திருந்தது. கடைசி ஆயுதம் என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் மெரோபெனமும் பலிக்கவில்லை. மிஞ்சியது கொலிஸ்ரின். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பல வருடங்களுக்கு முன் ஒதுக்கிவைத்த பழைய மருந்து. வேறு வழியில்லாமல் இப்போது உலகம் முழுவதும் மீண்டும் அதையே கையில் எடுத்திருக்கிறோம்.

ஒரு குழந்தை இறந்துபோனது. முதற்பிள்ளை. தாய்க்கு இருபது வயது இருக்கும். நான் விடுதியிலிருந்து வெளியே வந்தபோது அந்தப் பிள்ளை சுவரோடு நின்று கேட்டது: "டொக்டர், நான் கை வடிவாய்க் கழுவாமல் தொட்டதாலையோ?"

"இல்லையம்மா, உங்களிலை ஒரு பிழையும் இல்லை. இது சரியான பொல்லாத கிருமி" என்று சொன்னேன்.

முதல் வசனம் உண்மை. இரண்டாவதும் பொய் இல்லை. ஆனாலும் அது முழுப் பதில் இல்லை என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த நாட்களில் விடுதியில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி. தாதியர் கேட்டார்கள், இளம் வைத்தியர்களும் கேட்டார்கள்: "எந்த மருந்துக்கும் சாகாத கிருமி, துடைக்கிற தண்ணிக்கோ சாகப்போகுது?" நியாயமான கேள்விதான். உங்களில் பலருக்கும் இது தோன்றியிருக்கும். இதற்கு விடை சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நோயாளியின் உடலுக்குள் போய் வேலை செய்ய வேண்டும். எங்கள் கலங்களைத் தொடாமல் பற்றீரியாவை மட்டும் கொல்ல வேண்டும். அதனால் அது பற்றீரியாவிடம் மட்டுமே இருக்கும் ஏதோ ஒரு பாகத்தைத்தான் குறிவைக்கிறது. பெனிசிலின் பற்றீரியாவின் கலச்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. ஒரு பூட்டுக்கு ஒரு திறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்றீரியா பூட்டை மாற்றிவிட்டால், அல்லது திறப்பை உடைக்கும் நொதியம் ஒன்றைச் சுரந்துவிட்டால், மருந்து வாசலில் நின்றுவிடும். மெதிசிலின் என்ற மருந்து பாவனைக்கு வந்து ஓரிரு ஆண்டுகளிலேயே, 1961இல், அதற்கு அடங்காத ஸ்ரபிலோகொக்கஸ் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது.

குளோரீனும் அற்ககோலும் பூட்டையும் திறப்பையும் பார்ப்பதில்லை. அவை மேசைக்கும் தோலுக்கும் உரியவை, உடலுக்குள் போகாதவை. ஆகவே மென்மையாக இருக்கத் தேவையில்லை. குளோரீன் பற்றீரியாவின் புரதங்களை, மென்சவ்வை, உள்ளே இருக்கும் நொதியங்களை எல்லாம் ஒரே நேரத்தில் ஒட்சியேற்றுகிறது. அற்ககோல் புரதங்களைத் திரியச்செய்து மென்சவ்வைக் குலைக்கிறது. பல இடங்களில் ஒன்றாக விழும் அடி அது. ஆகவே மருந்துகளுக்கு அடங்காத அசினெற்றோபக்ரரும் கிளெப்சியெல்லாவும் ஸ்ரபிலோகொக்கஸும், சரியான செறிவில் சரியான நேரம் விட்டால், மற்றப் பற்றீரியாக்களைப் போலவே தொற்றுநீக்கிகளுக்குச் சாகின்றன. மருந்துக்கு எதிர்ப்பு இருப்பதாலேயே தொற்றுநீக்கிக்கும் எதிர்ப்பு இருக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. நல்ல செய்திதான். ஆனால் அந்தச் செய்திக்குள் "சரியான செறிவில், சரியான நேரம்" என்ற நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனையில்தான் நாங்கள் தவறினோம்.

எங்கள் வைத்தியசாலைகளில் பெரும்பாலும் புழங்குவது ரி.சி.எல். தூள். உங்கள் வீட்டுக் கிணற்றுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து போடும் அதே வெள்ளைத் தூள்தான். பாடப்புத்தகத்தில் வெளிற்றும் தூள் என்று படித்திருப்போம். இந்தத் தூளுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. 1847இல் வியன்னாவின் பெரிய வைத்தியசாலையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர் பணியாற்றினார். அங்கே இரண்டு மகப்பேற்று விடுதிகள். மருத்துவ மாணவர்கள் பணியாற்றிய விடுதியில் தாய்மார் பிரசவக் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். மருத்துவிச்சிகள் பணியாற்றிய விடுதியில் இறப்பு மிகக் குறைவு. மாணவர்கள் பிரேத பரிசோதனை செய்த கையோடு வந்து பிரசவம் பார்க்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். அவ்வாண்டு மே மாதத்தில், குளோரீன் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் 18 சதவீதமளவில் இருந்த இறப்பு, யூன் மாதத்தில் 2 சதவீதமளவுக்கு இறங்கியது. பற்றீரியா என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. பாஸ்டர் வந்து விளக்கப் பின்னும் காலம் இருந்தது. பிறகு ஏன் குளோரீனைத் தெரிந்தெடுத்தார்? சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகும் கையில் ஒட்டியிருந்த பிண மணத்தை அது போக்கியது. அவர் மூக்கை நம்பினார்.

மூக்கு என்பதை நினைவில் வைத்திருங்கள். எங்கள் விடுதிக்கு மீண்டும் வருகிறேன்.

தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியும் நானும் சேர்ந்து விடுதி முழுவதும் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரிகள் எடுத்தோம். குழந்தைகளின் இரத்தத்தில் வளர்ந்த அதே கிருமி, கை கழுவும் தொட்டியின் வடிகால் வாயில் இருந்தது. பால் தயாரிக்கும் மேசையில் இருந்தது. தள்ளுவண்டிக் கைபிடியில் இருந்தது. சரி, எல்லோரையும் எடுக்கிறோமே என்று என் கைத்தொலைபேசியையும் தடவிக் கொடுத்தேன். அதிலும் இருந்தது. கை கழுவுங்கள் என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்த நான், கழுவிய கையால் தொலைபேசியை எடுத்துப் பேசிவிட்டு அடுத்த குழந்தையிடம் போயிருக்கிறேன்.

ஆனால் மேசை நாளுக்கு மூன்று தரம் துடைக்கப்படுகிறது. படிவம் இருக்கிறது. "தொற்றுநீக்கிக் கரைசல் தினமும் புதிதாகத் தயாரிக்கப்படுகிறதா?" என்று ஒரு கேள்வி, அதற்கு நேரே சரி அடையாளம். கிழமைக்குக் கிழமை அடியில் கையொப்பம். அந்தக் கையொப்பங்களில் பல என்னுடையவை.

அங்கே துப்புரவு வேலை செய்த சிற்றூழியர் ஒருவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்போம். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவர் வாளியைக் கொண்டுவந்து வைத்தபோது, "அக்கா, இதை எப்பிடிக் கரைக்கிறனீங்கள்?" என்று கேட்டேன். அத்தனை காலத்தில் முதன்முறையாகக் கேட்டேன்.

"விடிய வந்தவுடனை கரைச்சு வைக்கிறனான் டொக்டர். முந்தி ஒரு கரண்டி தந்தவை. அது உடைஞ்சு போச்சு. இப்ப கை மட்டம்தான்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "முந்தியெல்லாம் மூடியைத் திறந்தால் மணம் மூக்கைப் பிய்க்கும், கண் எரியும். இப்ப கொஞ்சக் காலமாய் மணமே இல்லை. நான் சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை."

களஞ்சிய அறைக்குப் போனோம். தகரக்கூரை, வெக்கை. தூள் பீப்பாயின் மூடி சரியாகப் பொருந்தாமல் அரைவாசி திறந்து கிடந்தது. உள்ளே தூள் ஈரம் பிடித்துக் கட்டியாகியிருந்தது. இரசாயனவியல் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெப்பமும் ஈரமும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் சேர்ந்து வெளிற்றும் தூளிலிருந்து குளோரீனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துவிடும். மிஞ்சுவது வெறும் சுண்ணாம்பு.

கணக்கைப் பாருங்கள். நல்ல தூளில் பயன்படக்கூடிய குளோரீன் 35 சதவீதம் வரை இருக்கும். அதில் ஏறத்தாழ 3 கிராமை 1 லீற்றர் தண்ணீரில் கரைத்தால் மேசை, நிலம் துடைப்பதற்கான 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். இரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம் வேண்டும்; அதற்கு 14 கிராம். அதே தூள் கெட்டு 10 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், அதே 3 கிராம் தருவது 0.03 சதவீதம் மட்டுமே. வாளியைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் கலங்கிய வெள்ளைத் தண்ணீர்தான். படிவத்திலும் இரண்டுக்கும் ஒரே சரி அடையாளம்தான்.

ஆய்வுகூடத்துக்கு வந்து, பழைய அளவி ஒன்றைத் தேடி எடுத்தேன். வாளித் தண்ணீரில் அளந்தெடுத்து, பொற்றாசியம் அயடைட்டும் அமிலமும் சேர்த்தேன். உயர்தரத்தில் செய்த அதே பரிசோதனை. குளோரீன் போதுமான அளவு இருந்தால் அயடீன் வெளிவந்து கடும் கபில நிறம் வரவேண்டும். வந்தது மெல்லிய சாயத் தேநீரின் நிறம். மாப்பொருள் விட்டுத் தயோசல்பேற்றுத் துளிகளை விடத் தொடங்கினேன்; தொடங்கிய கையோடு நீலம் மறைந்துவிட்டது. இருக்கவேண்டிய குளோரீனில் கால்வாசிகூட அந்த வாளியில் இல்லை. ரீச்சர், அந்த நேரம் உங்கள் குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. நான் அளக்கவில்லை. மாதக்கணக்காக நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு இன்னொரு பரிசோதனையும் செய்தோம். குழந்தைகளிடமிருந்து எடுத்த அதே பற்றீரியாவை இரண்டு குழாய்களில் எடுத்தோம். ஒன்றில் வாளித் தண்ணீர். மற்றதில் புதிய தூளை நிறுத்துக் கரைத்த 0.1 சதவீதக் கரைசல். இரண்டிலும் பால்பொடி கரைசல் கொஞ்சம் சேர்த்தோம், விடுதி மேசை மாதிரி இருக்கட்டும் என்று. பத்து நிமிடத்தின் பின் குளோரீனைத் தயோசல்பேற்றால் முறித்துவிட்டுத் தட்டுகளில் பரப்பினோம். அடுத்தநாள் காலை, வாளித் தண்ணீர்த் தட்டு முழுவதும் பற்றீரியாக் கூட்டங்கள். மற்றத் தட்டு வெறுமை. மெரோபெனத்துக்கு அடங்காத பொல்லாத கிருமி, அளந்து கரைத்த கிணற்றுத் தூளுக்கு அடங்கிவிட்டது. அந்த இரண்டு தட்டுகளையும் விடுதிக்குக் கொண்டுபோய்த் தாதியருக்கும் வைத்தியர்களுக்கும் காட்டினேன். முதலில் அக்காவிடம்தான் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அப்ப என்ரை மூக்குச் சரிதான்" என்றார்.

அதன்பின் செய்தவை பெரிய விஞ்ஞானம் இல்லை. தூள் சிறிய, இறுக மூடும் பாத்திரங்களில் குளிர்ச்சியான இடத்துக்கு மாறியது. ஒவ்வொரு விடுதிக்கும் அளவு குறித்த கரண்டி, கோடு போட்ட வாளி. கரைத்த நேரம் வாளியில் எழுதப்படும். கிழமைக்கு ஒருதரம் ஆய்வுகூடத்தில் நியமிப்பு. வடிகால் வாய் மாற்றப்பட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் பால் தயாரிப்பதை நிறுத்தினோம். கைத்தொலைபேசிகள் வாசலிலேயே நின்றன, முதலாவதாக என்னுடையது. அடுத்து வந்த வாரங்களில் புதிதாக எந்தக் குழந்தையிலும் அந்தக் கிருமி வளரவில்லை. இத்தனையும் ஒன்றாகச் செய்ததால் எது பலித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இறந்த குழந்தைக்கு அந்த வாளிதான் காரணம் என்றும் நிரூபிக்க முடியாது. அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அந்தத் தாய் சுவரோடு நின்று கேட்ட கேள்விக்கு, "உங்கள் கை இல்லையம்மா, எங்கள் கைகளைத்தான் பார்க்கவேணும்" என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவர் ஊருக்குப் போய்விட்டார். நான் தேடிப்போய்ச் சொல்லவில்லை. இன்றுவரை அது என் மனதில் ஒரு கடனாக இருக்கிறது.

அன்பானவர்களே, இதிலிருந்து நான் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொற்றுநீக்கி வேலை செய்ய மூன்று நிபந்தனைகள்.

முதலாவது, முன்னர் கழுவ வேண்டும். இரத்தம், பால், சளி, அழுக்கு எதுவானாலும் அது குளோரீனைத் தானே குடித்துத் தீர்த்துவிடும். பற்றீரியாவுக்கு மிச்சம் இராது. அழுக்கின் மேல் எந்த விலைகூடிய தொற்றுநீக்கியை ஊற்றினாலும் காசு வீண். ஈரமான இடங்களில் பற்றீரியாக்கள் வழுவழுப்பான ஒரு படலம் கட்டி அதற்குள் வாழும். கிணற்றுக் கட்டில் பாசி பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாசியை உரஞ்சி எடுக்காமல் மேலே தண்ணீர் ஊற்றி என்ன பயன்? அசினெற்றோபக்ரர் இன்னும் ஒருபடி மேல். காய்ந்த மேசையிலேயே வாரங்கள், சிலவேளை மாதங்கள்கூட உயிரோடு கிடக்கும்.

இரண்டாவது, செறிவு. கூடினால் நல்லது என்பதும் பிழை. அற்ககோலைப் பாருங்கள். 60 முதல் 80 சதவீத அற்ககோல், 95 சதவீதத்தைவிடச் சிறப்பாகக் கொல்லும். புரதம் திரிவதற்குத் தண்ணீரும் வேண்டும் என்பதே காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கைதேய்க்கும் திரவத்தில் எதனோல் 80 சதவீதம்தான்.

மூன்றாவது, நேரம். மேசையைத் துடைத்த கையோடு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டால், குளோரீன் வேலையைத் தொடங்கவே இல்லை. ஈரமாகவே சில நிமிடங்கள் விடவேண்டும். கைக்கு அற்ககோல் என்றால் 20 முதல் 30 விநாடிகள் தேய்க்க வேண்டும்.

இவை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஜெனீவா. அங்கே டிடியே பிற்றே என்ற வைத்தியரும் குழுவினரும் கட்டிலுக்குக் கட்டில் அற்ககோல் திரவத்தை வைத்து, கைச்சுத்தத்தை ஓர் இயக்கமாக நடத்தினார்கள். 1994இல் 48 சதவீதமாக இருந்த கைச்சுத்தம் 1997இல் 66 சதவீதமானது. அதே காலத்தில் வைத்தியசாலையில் தொற்றும் நோய்களின் வீதம் 16.9 இலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. நூற்றுக்கு நூறு யாரும் செய்யவில்லை. பாதியாக இருந்தது மூன்றில் இரண்டானதற்கே இந்தப் பலன்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லவேண்டும். தொற்றுநீக்கிகளுக்குப் பற்றீரியா என்றுமே பழகாது என்று நினைத்து அசட்டையாக இருக்கக்கூடாது. 2018இல் மெல்பேர்ண் ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அங்குள்ள வைத்தியசாலைகளில் 2010க்குப் பின் எடுத்த என்ரெரோகொக்கஸ் பற்றீரியாக்கள், அதற்கு முந்தியவற்றைவிட ஐதான அற்ககோலைக் கூடுதலாகத் தாங்கின. வைத்தியசாலைகளில் தோலுக்குப் பூசும் குளோரெக்சிடினுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கப்பட்ட கிளெப்சியெல்லாக்களில் சில, நான் முன்னர் சொன்ன கொலிஸ்ரின் மருந்துக்கும் அடங்காமல் போவதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். இன்னொன்று, 1950களிலேயே பிரித்தானியாவில் தக்கைமூடி போட்ட தொற்றுநீக்கிப் போத்தல்களுக்குள் பற்றீரியா வாழ்ந்து நோயாளிகளுக்குப் பரவியது. தொற்றுநீக்கியே தொற்றைக் கொண்டுபோனது. ஐதான கரைசலும் பழைய கரைசலும் மேலும் மேலும் நிரப்பிய போத்தலும் பற்றீரியாவுக்கு நாங்கள் நடத்தும் ரியூஷன் வகுப்பு மாதிரி. கொல்வதாக இருந்தால் சரியாகக் கொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் பலர் கேட்பது, "பற்றீரியாவை அழிக்கும் சவர்க்காரம் வாங்கலாமா?" என்று. தேவையில்லை. 2016இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், ட்ரைக்ளோசான் உட்பட 19 இரசாயனங்களை வீட்டுச் சவர்க்காரங்களில் சேர்க்க முடியாது என்று விதித்தது. சாதாரண சவர்க்காரத்தைவிட அவை மேலானவை என்று உற்பத்தியாளர்களால் காட்ட முடியவில்லை. சாதாரண சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் வீட்டுக்குப் போதும். வெளிற்றும் திரவத்தை மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு ஒருநாளும் கலக்காதீர்கள். வருவது நச்சு வாயு. வைத்தியசாலைக்கு நோயாளியைப் பார்க்கப் போனால், கட்டிலில் உட்காராதீர்கள். போகும்போதும் வரும்போதும் கையைச் சுத்தம் செய்யுங்கள். வைத்தியர் கை சுத்தம் செய்யாமல் உங்கள் அம்மாவைத் தொட வந்தால் மரியாதையாகக் கேளுங்கள். நாங்கள் கோபிக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கேட்டு வற்புறுத்தாதீர்கள். மிச்சக் குளிசையை எடுத்துவைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். புதிய மருந்துகள் வருவது மிக மெதுவாக இருக்கிறது. அதுவரை எங்களிடம் இருப்பது தண்ணீர், சவர்க்காரம், குளோரீன், அற்ககோல். இவை மலிவானவை. ஆனால் இவற்றை அளந்து கரைக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் சொல்வதைக் கேட்க இன்னொரு ஆள் வேண்டும்.

நான் இந்த மேடையில் நிற்பதற்கு இக்கல்லூரி எனக்கு என்ன தந்தது என்று யோசித்தேன். பரிசுகளும் பதக்கங்களும் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் வேலையில் என்னைக் காப்பாற்றியது உடையாமல் மிஞ்சிய அந்த ஒரு அளவியும், பின்னால் நின்று கேட்ட அந்தக் கேள்வியும்தான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். விடுதியில் இருந்த காலத்தில் முறைவைத்து நாங்களே கூட்டினோம், கிணற்றடி கழுவினோம், மலசலகூடமும் கழுவினோம். அந்த வேலையின் அருமை தெரிந்திருந்தும், படித்துப் பட்டம் பெற்ற பிறகு, அதே வேலை செய்யும் ஒரு அக்காவிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு ஒரு குழந்தையின் மரணம் தேவைப்பட்டது. இன்று இங்கே இருக்கும் மாணவிகள் நாளை வைத்தியராக, பொறியியலாளராக, நிர்வாகியாக வருவீர்கள். வாளி தூக்குபவரிடம் நேரத்தோடு கேளுங்கள்.

எமது சங்கத்துக்கு ஒரு சிறு விண்ணப்பம். நூற்றாண்டு நினைவாக மண்டபமும் நுழைவாயிலும் கட்டப்படுவதில் எனக்கும் மகிழ்ச்சி. அவற்றோடு, சிறிய பிள்ளைகளின் வகுப்புகளுக்கு அருகில் அவர்களுக்கு எட்டும் உயரத்தில் தண்ணீர்க் குழாய்களும், என்றும் சவர்க்காரம் தீராமல் இருப்பதற்கு ஒரு சிறு நிதியும், இரசாயனவியல் ஆய்வுகூடத்துக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அளவியும் கொடுப்போம். முதற்பங்கை நான் இன்று செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன்.

ரீச்சர், இந்த உரைக்கு இருபது நிமிடம் தந்தார்கள். அளக்கவில்லை. கொஞ்சம் கூடியிருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

எம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.